ஆபீஸ் வண்டி

ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா அக்கா? போதுமா? சரி.

நீங்க இறங்காதீங்க. இந்த வெயிலில் கல்லுக்குக் கல் போய் நின்று பார்ப்பதெல்லாம் ஆம்பளைங்க வேலை. உங்க சார் நிதானமாகப் பார்க்கட்டும். எங்க வீட்டுக்காரர் மூலைக்கல்லைத் தொட்டுக் காட்டி, தண்ணித்தொட்டி மேலே ஏற்றி இறக்கி, பார்க் வரப்போகிற இடத்தைக் காற்றிலேயே கையால் வரைந்து காட்டித்தான் கூட்டி வருவார். அதற்குள் நாம் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருக்கலாம். பாப்பாவும் தூங்கிவிட்டாள். முழித்திருந்தால் உங்க கைப்பை இந்நேரம் காலியாகியிருக்கும்.

நீங்க தைரியமா வாங்கலாம் அக்கா. வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. இது எங்க சித்தப்பா புஞ்சை. சொந்தச் சித்தப்பா, எங்க அப்பாகூடப் பிறந்தவர். அதோ, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வரப்பு போகிறதில்ல, அது முடிகிற இடத்தில் முருங்கை மரமும் ஓட்டு வீடும் தெரிகிறதா? அதுதான் வீடு. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் பண்ணிக் கொடுத்தது அந்த வீடுதான். அந்த வீட்டுப் பிள்ளை நானே சொல்கிறேன், வில்லங்கம் என்ற பேச்சே கிடையாது. இதைவிட வேறென்ன வேண்டும்?

இப்படிச் சொல்லச் சொல்லி எங்க வீட்டுக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். சிரிக்காதீங்க. சொல்லிக்கொடுத்ததாக இருந்தாலும் உண்மைதானே.

என்னக்கா? அவங்க வீட்டுக்குப் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா என்றா கேட்கிறீங்க? அவங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? கேட்கலாமே. தாராளமாகக் கேட்கலாம். அது வந்து... இப்போதைக்குக் கொஞ்சம் பேச்சுவார்த்தை இல்லை. இடத்தில் பிரச்சினை எல்லாம் இல்லை அக்கா, நீங்க வேற! கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. இது எனக்கும் அவங்களுக்கும். எல்லாம் இந்த வண்டியால் வந்தது.

உண்மையைச் சொல்லுங்க. காலையில் உங்க வாசலில் இந்த வெள்ளை இன்னோவா வந்து நின்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது? நல்ல பார்ட்டிதான் என்று மனசு கொஞ்சம் லேசாயிற்றா இல்லையா? எல்லோருக்கும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் சிநேகிதருடைய பழைய ஆல்டோவை வாங்கிக்கொண்டு போவார். சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே நிற்கும். ஒரு அம்மா ஏறி உட்கார்ந்தவுடனே புருஷன் காதில், "இவங்களுக்கே ஒண்ணும் கெதி இல்ல போல, நமக்கு என்னத்தக் காட்டப்போறாங்க"ன்னு சொன்னார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் சோறு சாப்பிடவில்லை. பிறகு ஒருவரிடம் கறுப்பு வண்டி எடுத்தார். கறுப்பு வண்டி வந்து நின்றால் கட்சிக்காரங்க வந்துவிட்டாங்களோ என்று கதவையே திறக்க மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஆபீஸில் இந்த வெள்ளையைக் கொடுத்தார்கள். எங்க முதலாளி வண்டி இதைவிடப் பெரிசு, ஃபார்ச்சூனர். ஏறுவதற்கு எனக்கு முக்காலி வேண்டும். ஆனால் அதில் இடம் பார்க்க வருகிறவர்களை ஏற்றவே மாட்டார். ஏற்றினால், "நம்ம பணத்துலதான் இது ஓடுது"ன்னு வீட்டம்மாக்களுக்குத் தோன்றிவிடுமாம். பாருங்க, எப்படியெல்லாம் யோசிக்கிறார்கள்!

என்னையும் பாப்பாவையும் கூட்டி வருவது கூட அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டுவிட்டுப் போகாமல் கூடவே கூட்டிப் போகிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாப்பாவின் கரடி பொம்மையை அவரே மறக்காமல் எடுத்து முன்னால் வைப்பார். அவ்வளவு பிரியம். குடும்பமாக வந்தால் வருகிறவர்களுக்கும் கூச்சம் இருக்காது பாருங்க. உங்க சார்கூட, சொந்தக் காரிலேயே வந்துவிடுகிறேன் என்றாராம். இவர்தான், எதற்கு சார் உங்களுக்கு வீண் செலவு என்று விடவில்லை. நல்ல மனசு. சொந்த வண்டியில் வந்தால் பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களை வலப்பக்கம் உட்கார வைத்தேனே, அதுகூட வெயிலுக்காகத்தான். இடப்பக்கம் வெயிலும் அடிக்கும், வருகிற வழியில் சுடுகாடும் இருக்கிறது. அது அடுத்த ஊர்க்காரங்களுடையது அக்கா, நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், சித்தப்பா.

விற்கப் போகும்போது இந்த வண்டி. வாங்கப் போகும்போது இது ஆகாது. காட்டுக்காரங்க வாசலில் போய்க் காரை நிறுத்தினால், இறங்குவதற்குள் விலை ஏறிவிடும். ஆகையால் அதற்கு எக்ஸெல். எங்ககிட்ட ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் இருக்கிறது, மட்கார்டு ஆடும், ஒரு கண்ணாடி கிடையாது. புது மட்கார்டு போடலாம் என்று நான்கூடச் சொன்னேன். "ஆடட்டும் விடு, அதுதான் அதுக்கு அழகு"ன்னுட்டார். காலர் நைந்த சட்டை ஒன்று அதற்கென்றே வைத்திருக்கிறார். நானும் ஒரு பழைய பூனம் சேலை கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பாப்பா முன்னால் நின்றுகொள்வாள். அப்படித்தான் போன வருஷம் பூராவும் சித்தப்பா வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தோம்.

எங்க சித்தப்பா அந்த வண்டியைப் பார்த்தாலே உருகிவிடுவார். "மாப்ள, பெட்ரோலுக்காச்சும் கட்டுதா தொழிலு?"ன்னு கேட்பார்.

"எங்க மாமா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார் இவர்.

சின்னம்மா ஒவ்வொரு தடவையும் அரிசி, பயறு, கத்திரிக்காய் என்று கட்டிக் கொடுப்பார்கள். எக்ஸெல்லில் வைக்க இடம் இருக்காது. என் மடியில் வைத்துக்கொண்டு போவேன். தம்பி சோலைராஜ், சித்தப்பா மகன், மட்கார்டைக் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தான். "மாமா, இதுல அக்காவையும் பிள்ளையையும் வச்சு நாலுவழிச்சாலையில போகாதீங்க, பயமா இருக்கு"ன்னு சொன்னான். கம்பியை இவர் ஊர் எல்லை தாண்டியதும் அவிழ்த்துவிட்டார். சத்தம் வருதாம்.

அப்புறம் ஒருநாள் பேச்சு வந்தது. "மாமா, ரோட்டோரப் புஞ்சையை எங்களுக்குக் கொடுத்தா ஒரு மாட்டைக் கட்டிக்கிட்டு, நாலு தென்னையை வச்சுக்கிட்டு இங்கனயே கெடப்போம். நாகுவுக்கும் ஒங்க பக்கத்துல இருந்த மாதிரி இருக்கும்"ன்னு இவர் சொன்னார். நாகு நான்தான், நாகஜோதி. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். புருஷன் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை அக்கா.

சித்தப்பா ரெண்டு நாள் யோசித்தார். பிறகு சொன்னார்: "வெளியாளுக்குன்னா வேற பேச்சு மாப்ள. இது வீட்டுப் பிள்ளைக்கு. சோலைக்கு மேக்கால இருக்கறது போதும். இத நாகு வச்சுக்கட்டும்." விலையும் விவசாயக் காட்டு விலைதான் சொன்னார். நாலுவழிச்சாலை வந்த பிறகு அந்த விலைக்கு இங்கே ஒரு மண்வெட்டி மண் கிடைக்காது. எங்க சித்தப்பாவுக்கு அவ்வளவு பாசம்.

இதெல்லாம் பேசி முடித்து, முன்பணமும் கொடுத்து, பத்திரத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒருநாள் முதலாளிக்கு இடத்தைக் காட்ட இந்த வண்டியில் வந்தோம். முதலாளி முன்னால், நானும் பாப்பாவும் பின்னால். பட்டுச்சேலை கட்டியிருந்தேன், அன்றைக்கு வேறு ஒரு பார்ட்டியும் பார்க்க வருவதாக இருந்தது. ஊர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது எனக்கு ஒரு ஆசை வந்தது பாருங்க. எத்தனை நாள் அந்த எக்ஸெல்லில் குலுங்கிக் குலுங்கி வந்திருக்கிறேன். ஒருநாளாவது இந்த வண்டியில் போய் எங்க வீட்டு வாசலில் இறங்க வேண்டாமா? கூடப் படித்த பிள்ளைகளெல்லாம் அந்தத் தெருவில்தான் வாக்கப்பட்டிருக்கிறார்கள். ஸ்வீட்டும் கையில் இருந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம் சித்தப்பா வீட்டுல நிறுத்துங்க"ன்னு கேட்டேன்.

"இப்ப வேணாம். பத்திரம் முடியட்டும்"ன்னு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். முதலாளிதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி ஆசப்படுதுல்ல, நிறுத்துய்யா" என்றார். முதலாளி சொன்ன பிறகு என்ன செய்வார்? நிறுத்தினார்.

தெருவே கூடிவிட்டது அக்கா. எனக்கு அப்படி ஒரு பெருமை. சின்னம்மா ஓடி வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள். சித்தப்பா மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். மாடு வாங்கப் போனால் இப்படித்தான் சுற்றி வருவார். சக்கரத்தைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "யாரு வண்டி மாப்ள?" என்றார்.

"ஆபீஸ் வண்டி மாமா."

"என்ன ஆபீஸு?"

முதலாளி இருக்கிறாரே, அவருக்கு ஒன்றும் தெரியாது பாவம், இறங்கி ஒரு கார்டை எடுத்து நீட்டினார். சித்தப்பா வாங்கி சோலையிடம் கொடுத்தார். அவன் படித்துவிட்டு, "புரொமோட்டர்ஸ்னு போட்டுருக்குப்பா. பிளாட்டு போட்டு விக்கிறவங்க" என்றான். அவன் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, என் சேலை முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பா சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. கார்டை வாங்கி வண்டி மூக்கிலேயே வைத்தார். "எல்லாரும் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். பிறகு என்னிடம், "ஏறிக்கோ நாகு. வெயிலு. உள்ள குளுகுளுன்னு இருக்கும்ல" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அதில் என்ன கோபம் இருக்கிறது, சொல்லுங்க? நான் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார் என்று.

பத்திரத்தன்றைக்கு அவரை அழைத்து வர இதே வண்டியை அனுப்பினோம். ஏற மாட்டேன் என்றுவிட்டார். பஸ்ஸில் வந்து, பஸ் வாடை அடிக்கிற சட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டார். அங்கே பத்திர ஆபீஸில் ஒருத்தர் அவர் காதில் ஏதோ சொன்னார், இன்னும் விலை கேட்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார். "சொன்னது சொன்னதுதான்"ன்னு சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "நல்லாரு" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சு இல்லை. தீபாவளிக்குக் கூப்பிடவில்லை. பொங்கலுக்குச் சீர் வரவில்லை. எங்க மாமியார் வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டு மருமகளுக்குப் பொறந்த வீடு இந்த வருஷம் லீவு போல"ன்னு சொன்னார்கள். நான் போன் பண்ணினால் சின்னம்மா எடுத்து, "வேலையா இருக்கேன்"ன்னு வைத்துவிடுவார்கள்.

நான் என்ன தப்பு செய்தேன் அக்கா? ஒரு பொய் சொன்னேனா? அந்த எக்ஸெல் எங்க சொந்த வண்டி. உண்மையைச் சொன்னால் எங்களுக்குச் சொந்தம் அது ஒன்றுதான். இந்தக் கார்தான் எங்களுடையது இல்லை. அப்படிப் பார்த்தால் எக்ஸெல்லில் போனபோதுதான் நாங்க நிஜமா இருந்தபடி போனோம். அதைப் போய் வேஷம் என்றால்? ஆபீஸ் வேலை என்றால் ஆபீஸ் வண்டியில்தான் வர வேண்டும். இது படிச்ச உங்களுக்குப் புரியும், அவங்களுக்குப் புரியவில்லை.

விடுங்க, கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது எனக்கு இருக்கிற கவலை வேறு. வருகிற வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. மூணு வயசு முடிவதற்குள் குத்திவிட வேண்டும், விட்டால் அஞ்சுதான். குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தது யாரும் இல்லை. சோலைதான் என் தம்பி, அவன்தான் தாய்மாமன். அவன் மடி இல்லாவிட்டால் இவளுக்கு வேறு மடி ஏது?

எங்க வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? "எங்க முதலாளி உன்ன தங்கச்சின்னுதான கூப்பிடுறாரு? அவர் மடியில வச்சுக் குத்துவோம். ஃபார்ச்சூனர்ல வந்து அவர் கோயில் வாசல்ல எறங்குனா அதோட கௌரவமே வேற. பார்ட்டிங்க நாலு பேரையும் கூப்பிடலாம்"ங்கிறார். அந்த மனுஷர் நல்லவர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை அழும்போது "மாமா இருக்கேன்டா, போதும்டா"ன்னு சொல்லி நெஞ்சோடு அணைக்க வேண்டுமே. சட்டை கசங்குமே என்று பார்க்கிறவர் மடியில் எப்படி உட்கார வைப்பது? நாளைக்கு இவள் பெரிய மனுஷி ஆனால் யார் வந்து ஓலைக் குச்சு கட்டுவார்கள்? முதலாளியா வருவார்?

தட்டு இந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பத்திரிகை எல்லாம். ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பக்கம் வருகிறோமே, ஒருநாள் போய் வைத்துவிட்டு வந்துவிடுவோம் என்று கெஞ்சிவிட்டேன். "பார்ட்டிங்க போகட்டும், பார்ட்டிங்க போகட்டும்"னே தள்ளிவிடுகிறார். இன்றைக்கு விட்டால் ஞாயிறு கிடையாது. வெற்றிலை வேறு நேற்றே வாடிவிட்டது.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா?

நீங்க டீச்சர்தானே. உங்க கையில் பிள்ளையை விட்டுப் போக எனக்குப் பயமில்லை. அந்த வரப்பு வழியாகப் போனால் வீடு பக்கம்தான். போய் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன். அவங்க ரெண்டு பேரும் இப்போதுதான் தொட்டிப் பக்கம் திரும்புகிறாங்க. கேட்டால், பாத்ரூம் போயிருக்கிறாள் என்று சொல்லுங்க.

கொஞ்சம் இந்தச் சங்கிலியைப் பிடிங்க. பயப்படாதீங்க, கவரிங்தான். இதை ஞாயிற்றுக்கிழமைதான் போடுவது. செருப்பும் இங்கேயே இருக்கட்டும், ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது. வெறும் காலோடு போகிறேன். சேலை... இது பரவாயில்லையா? பின்னைக் கழற்றி இழுத்துச் சொருகிக்கொண்டால் பழசு மாதிரித்தான் இருக்கும். பவுடர் தெரிகிறதா முகத்தில்? துடைத்துக்கொள்கிறேன்.

பாப்பா முழித்தால் கரடியைக் கொடுங்க. வந்துவிடுகிறேன்.

*

அப்பாடி! ரொம்ப நேரம் ஆயிருச்சா அக்கா? அவங்க இன்னும் வரலையே? நல்லவேளை. கொஞ்சம் அந்தத் தண்ணியைக் கொடுங்க. உள்ளங்கால் தீய்ந்துவிட்டது. நெருஞ்சி முள் வேறு. எத்தனை வருஷம் இதே வரப்பில் ஓடியிருக்கிறேன், இப்போது கால் மறந்துவிட்டது.

வாங்கிட்டாங்க அக்கா! தட்டை வாங்கிட்டாங்க!

இருங்க, மூச்சு வாங்கிக்கிறேன். போனேனா, சின்னம்மா வாசலில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முதல் கேள்வியே, "எதுல வந்த?" என்றுதான். தெருப்பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், வண்டி நிற்கிறதா என்று. 

"பஸ்ஸுல வந்தேன். எறங்கி நடந்து வர்றேன்"னு சொன்னேன்.

நடந்துதானே அக்கா போனேன்? நீங்களே பார்த்தீங்க.

"மாப்ள வரலையா?"

"அவருக்கு எங்க. வேலை சரியில்ல சின்னம்மா, முன்ன மாதிரி இல்ல." அதுவும் பொய்யில்லை. இந்த மாசம் ஒன்றும் முடியவில்லை, உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

"பிள்ள எங்க?"

"தூங்குறா." தூங்கத்தானே செய்கிறாள். மாமியார்கிட்ட விட்டுட்டு வந்தேன்னு மட்டும் ஒரு வார்த்தை சேர்த்தேன். கார் என்று எடுத்தால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்குமே.

அப்புறம் சின்னம்மா என் காலைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். "அடியே, செருப்புக்கூட இல்லாமலா இந்த வெயில்ல வந்த"ன்னு ஒரு சத்தம். குடத்துத் தண்ணியை எடுத்து வந்து என் காலில் ஊற்றினார்கள். அழுதுவிட்டார்கள் அக்கா. "இதுக்கா எம்பிள்ளையக் காட்டி நெலத்த வாங்குனீங்க"ன்னு எங்க வீட்டுக்காரரைத் திட்டினார்கள். நானும் அழுதுவிட்டேன். அது தானாக வந்த அழுகை, சத்தியமா.

சித்தப்பா கட்டிலில் படுத்திருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் இருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "அந்தக் காரெல்லாம் போயிருச்சா?" என்று கேட்டார்.

"போயிருச்சு சித்தப்பா."

வேறு என்ன சொல்ல முடியும் அந்த நேரத்தில்?

அவர் பெருமூச்சு விட்டார். "போகட்டும். அதெல்லாம் தங்காது. தட்ட வாங்குடா சோலை"ன்னார்.

சோலை சாப்பிட உட்கார்ந்திருந்தான். பாதியில் எழுந்து, கையைக் கழுவிட்டு வந்து ரெண்டு கையாலும் வாங்கினான். "தோடு நான் எடுத்துட்டு வர்றேன் அக்கா. நீங்க எதுவும் வாங்கிறாதீங்க. எனக்குன்னு இருக்குறது ஒரே மருமக"ன்னான். வருகிறான் அக்கா! வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவான். முதலாளியிடம் என்ன சொல்வது என்று எங்க வீட்டுக்காரர் யோசித்துக்கொள்ளட்டும். கோயில் வாசலில் வண்டி எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நாங்களும் அன்றைக்கு எக்ஸெல்லில் போய்விடலாம். அந்தப் பூனம் சேலையை இன்றைக்கே துவைத்துப் போட வேண்டும். மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கிளம்பும்போது சோலை, "இரு அக்கா, பஸ் ஸ்டாப்புல கொண்டுபோய் விடுறேன்"ன்னு செருப்பை மாட்டினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீ மொதல்ல சாப்பிடுடா, நான் போயிருவேன்"னு சொல்லிவிட்டு, வரப்புக்கு ஒரே ஓட்டம்.

அந்தச் சங்கிலியைக் கொடுங்க அக்கா. செருப்பு எங்கே? ம்ம். நீங்க ரொம்ப நல்லவங்க. நீங்களும் காதுகுத்துக்கு வர வேண்டும். சாரையும் கூட்டி வாங்க. ஆனால் உங்க சொந்தக் காரில் வாங்க, இதில் வேண்டாம்.

ஐயோ.

அக்கா, அந்த பைக்கைப் பாருங்க. பிளாட்டு வாசல் ஆர்ச்சுக்குள்ள திரும்புதே. அவன்தான். சோலைதான். சோத்துல உக்காந்தவன் ஏன்க்கா எந்திரிச்சு வந்தான்? கையில என்ன அது, குடையா? சின்னம்மா குடை. நான் வெயில்ல போறேன்னு... ஸ்டாப் பக்கம் பாக்குறான். அங்க யாரும் இல்ல. இந்தப் பக்கம் பாக்குறான். கண்ணாடியில மாட்டியிருக்கிற இந்தக் கறுப்பு வலையைத் தாண்டி உள்ள தெரியாதுல்ல? தெரியாது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.

கிட்ட வர்றான்க்கா. நம்மகிட்டதான் கேக்க வர்றான், இந்தப் பக்கமா ஒரு பொம்பள நடந்து போனாளா, பாத்தீங்களான்னு. நான் குனிஞ்சுக்கிறேன். கொஞ்சூண்டு கண்ணாடிய எறக்கி, பஸ் ஏறிப் போயிட்டாள்னு சொல்லிருங்க. வேணாம், எறக்காதீங்க. தட்டட்டும். தட்டிப் பாத்துட்டுப் போயிருவான்.

ஸ்ஸ்... பாப்பா, அழாதடா. அம்மா இங்கதான் இருக்கேன், கீழதான் இருக்கேன். கத்தாத சாமி. அக்கா, அந்தக் கரடிய...

அக்கா, என்ன பண்றீங்க? அந்தக் கண்ணாடி சுவிட்ச...

சோலை! நீயாடா? சாப்பாட்ட விட்டுட்டு எதுக்குடா வந்த? நான்தான் போயிருவேன்னு சொன்னேன்ல. இல்லடா, நடந்துதான் போனேன், நெசமா நடந்துதான் போனேன், இந்தா காலப் பாரு. இவங்க பாவம், வழியில பாத்து ஏத்திக்கிட்டாங்க. டீச்சரு. பிளாட்டு பாக்க வந்தவங்க. இவங்க வண்டிடா. பாப்பாவா? பாப்பா வந்து...

என்னடா பேசாம நிக்குற? ஏதாச்சும் கேளுடா. திட்டவாச்சும் செய்.

குடைய ஏன்டா உள்ள வைக்குற?

அக்கா, நீங்க சும்மா இருக்காதீங்க. உங்க வண்டிதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லுங்கக்கா.